நீர்க்கணக்கு நோட்டு

இடது கை நரம்பு பங்குனியில் அடைத்துக்கொண்டது.
அதனால் வலது கையில் ஊசி.
அதனால் கவிதை என் கைக்கு வந்தது.

ஜெலுத்தோங் டயாலிசிஸ் மையம்.
செவ்வாய், வியாழன், சனி.
நான்கு மணி நேரம் அவர் சொல்லச் சொல்ல
நான் எழுதுவேன்,
வேறு தாள் கொண்டுபோகாததால்
நீர்க்கணக்கு நோட்டிலேயே.
நாளுக்கு ஐந்நூறு மில்லி, அதற்கு மேல் கூடாது.
காலைக் காப்பி நூறு,
மாத்திரைக்கு ஐம்பது,
அதன் கீழே ஒரு வரி நிலா.

எனக்குக் கவிதை தெரியாது.
இருபத்திரண்டு வருஷம் பாயான் லெப்பாஸ் ஆலையில்
விரல்நகம் அளவுச் சில்லுகளில்
கீறல் தேடிய கண் இது.
கீறல் தெரியும்.

ஒரு சனிக்கிழமை
மரணம் என்ற சொல் மூன்று முறை வந்தது.
வாழ்வு, நான்கு.
பேனாவை மூடினேன்.
"என்ன?"
"இதுல ஒண்ணுமே தெரியலீங்க.
கண்ண மூடிக்கிட்டுப் பார்த்தா
கறுப்பாத்தான் இருக்கு."

கோபப்படவில்லை.
குழாயில் தன் ரத்தம் வெளியே போய்
வீடு திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப நீ சொல்லு, நவநீதம்.
பார்த்தது எதையாவது."

பார்த்தது:
கல்யாணமான வருஷம், ஜூலை,
பாலேக் பூலாவ் சரிவில் லாரி படுத்துக்கொண்டது.
ஆ கியோங்கின் டுரியான் தோட்டக் குடிசையில்
ஓர் இரவு தங்கினோம்.
இருட்டில், தொப்.
எழுந்து ஓடப்போன என்னை ஆ கியோங் தடுத்தான்.
"பொறு. இன்னொண்ணு விழும்."
அந்தப் பழத்தை யாரும் பறிப்பதில்லை.
காம்பே கையை விடும், தன் நேரத்துக்கு.
விடிவதற்குள் ஏழு.
ஒவ்வொரு தொப்புக்கும் நாங்கள் சிரித்தோம்,
எதற்கென்று தெரியாமல்,
தலைக்கு மேல் தகரம் இருக்கிற தைரியத்தில்.
குடிசை முழுக்க மணம்,
பாய்க்கு, என் தலைமயிருக்கு,
மறுநாள் லாரியின் இருக்கைக்கும்.

"எழுது அதை."
"சரி. மரணத்தை எங்க வைக்க?"
"எங்கயும் வைக்காத.
தகரத்தப் போட்டுட்டியா? போதும்."

கொஞ்ச நேரம் கழித்து,
"கசப்பா இனிப்பான்னு வியாபாரி கேப்பானே,
கடைசியில அதையும் சேர்த்துடு."
"வேணாம். அது ரொம்ப சுலபம்."
நான்தான் சொன்னேன். நானே!
அவர் சிரித்த சிரிப்பில் ஊசி அசைந்து
இயந்திரம் அலறியது.
ஓடிவந்த தாதி
எங்கள் இருவரையும் திட்டிவிட்டுப் போனாள்.

பொட்டாசியம். ஒரு சுளைகூட ஆகாது.
ஆனாலும் அந்தப் பருவத்தில்
விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
ரொம்ப நேரம் விழுங்கவில்லை அவர்.
கண்ணை மூடியிருந்தார்.
கறுப்பாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.
நோட்டிலும் எழுதவில்லை, டாக்டர் பார்ப்பார்.
அதே விரலால்தான் பக்கத்தைத் திருப்பினேன்.

பத்து லஞ்சாங்கில் மின்கதவு மூடியபோது
ஒரு சத்தம் கேட்டது.
பொறு, என்றேன், யாரிடமோ.

நேற்று நோட்டைத் திறந்தால் எறும்பு.
அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும்.
தகரத்தில் ஏறி இறங்கி,
ஏழைச் சுற்றிக்கொண்டு,
ஓரத்து மஞ்சள் கறையில் கூடி நின்றன.
தட்டிவிடவில்லை.

கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.
காலைக் காப்பி நூறு.
மாத்திரைக்கு ஐம்பது.
அதற்குக் கீழே கோடு போட்டு
பழக்க தோஷத்தில் கழித்துப் பார்த்தேன்.
முந்நூற்றைம்பது மில்லி
இன்னும் அவர் குடிக்கலாம்.